தனிநாடு வரவிருந்த செவ்வாய்க்கிழமை

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிக்கும் வயது நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. இனி வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். மொன்றியலில், வில்லரேயில் என்னோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் இது. என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். காதில் செருகியிருந்ததைக் கழற்றாமலே தலையை ஆட்டினார்கள்.

அந்த இலையுதிர்காலத்து அட்டைகள் உங்களுக்கு மறந்திருக்காது. கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசாக வேண்டுமா என்று சனத்திடம் வாக்குக் கேட்ட வருடம் அது. விளக்குக் கம்பம், மாடி வேலி, பேக்கரிக் கண்ணாடி, எங்கே பார்த்தாலும் அட்டை. ஒன்றில் ஓம், அதாவது ஆம், என்று பிரெஞ்சில் இருக்கும், மற்றதில் இல்லை என்று இருக்கும். அம்மா சனிக்கிழமைகளில் என்னோடு கடைக்குப் போய் நடந்து வரும்போது, "இது ஓம் வீடு, இது இல்லை வீடு, இது இன்னும் யோசிக்கிற வீடு" என்று எண்ணிக்கொண்டே வருவார். எங்களுக்கு வாக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஊரைவிட்டு வந்து மூன்று வருடந்தான் ஆகியிருந்தது. எனக்குப் பதினொரு வயது.

நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில். எங்களுக்குக் கீழே இருந்தது ஓம் வீடு. அந்த வீட்டுத் தகப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, படியேறும்போது பாட்டு. அவருடைய மகள் என் வகுப்பு. அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து வரும்வரைக்கும் நான் பின்னேரங்களில் அவர்கள் குசினியில்தான் இருப்பேன். வகுப்பில் நான் வாய் திறந்தால் பின்வரிசை சிரிக்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் கதைப்பதில்லை என்று வைத்திருந்தேன். கீழ்வீட்டுப் பிள்ளை மட்டும் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பாள். உலகத்தில் எனக்கென்று இருந்த சிநேகிதி அவள் ஒருத்தி.

அந்த வருட ஹலோவீனுக்கு, அதுதான் வேஷம் போட்டு வீடுவீடாக இனிப்பு வாங்கும் நாளுக்கு, நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு குதிரையாவது என்று அவள் முடிவெடுத்தாள். பழைய மண்ணிறப் போர்வை ஒன்றை அவளுடைய தாய் தைத்துக் கொடுத்தார். காட்போட் பெட்டியில் தலை, நிலம் துடைக்கும் தும்பில் பிடரி மயிர். அவள் முன்கால், நான் பின்கால். என்னால் நெடுநேரம் குனிந்து நடக்க முடியும் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் பழகுவோம். போர்வைக்குள் இருட்டாக, சூடாக இருக்கும். கம்பளி மணமும் அவள் சட்டையின் சவர்க்கார மணமும் வரும். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்குவதைப் பார்த்தபடி அவள் போகும் பக்கம் போவேன். உள்ளே யாரும் என்னைக் கதைக்கச் சொல்வதில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் அதிகம் இருந்ததில்லை.

வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமை இருக்கும். குசினி மேசையில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே கீழ்வீட்டுத் தகப்பன் எங்களுக்கு விளக்கினார். திங்கட்கிழமை வாக்கு. வென்றால், செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பும்போது நாங்கள் வேறொரு நாட்டில் எழும்பினது மாதிரி. தலைவர்கள் குடியரசு என்று அறிவித்துவிடுவார்கள். "ஆனால் பள்ளிக்கூடம் இருக்கும். பஸ்ஸும் அதே நேரத்துக்கு வரும். தப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ" என்று வெண்ணெய்க் கத்தியை எங்கள் பக்கம் நீட்டினார். அவர் பேசியது பிரெஞ்சு. என் நினைவில் அந்த வீட்டுக்காரர் எல்லோரும் இப்போது எங்கள் தமிழில்தான் கதைக்கிறார்கள், அப்படியே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில், எனக்கும் ஒரு செய்தி தெரியும் என்ற பெருமையில், "செவ்வாய்க்கிழமை இது தனிநாடாம்" என்று சொன்னேன். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் இருக்கும் என்ற பாதியைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஆர் சொன்னது?"

"கீழ்வீட்டு மிசியே."

"நாள் குறிச்சே சொன்னவர்?"

"ஓம் அப்பா. செவ்வாய்க்கிழமை."

அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜர். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு சங்கக் கடையை நடத்தியவர். அடுத்த நாளிலிருந்து அவர் சாமான் வாங்கத் தொடங்கினார். தடைக் காலத்தில் ஊருக்கு வராமல் போன சாமான்கள் எவையோ, அவற்றையே வாங்கினார். சவர்க்காரம், பற்றரி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, மூன்று மூடை அரிசி. தெருமுனையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்தவர், தனக்குப் போட்டியாகக் கடை போடப்போகிறாரோ என்று கேட்டாராம். வீட்டுச் சொந்தக்கார இத்தாலியரிடம் அப்பா நிலவறைச் சுவர் எத்தனை அங்குலம் என்று விசாரித்தார். அந்த மனுசன் எலித்தொல்லை என்று நினைத்து இரண்டு பொறி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, குடிவரவுக் கடிதங்கள் எல்லாம் ஒரு தோல் பைக்குள் போய், கதவடியில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டன.

அம்மா முதலில் பகிடி பண்ணினார். பிறகு எரிச்சல்பட்டார்.

"அங்கை தனிநாடு வேணுமெண்டு நிண்டனீங்கள். இங்கை அவங்கள் கேட்டா மட்டும் உங்களுக்குக் குலைப்பன் காய்ச்சல்."

"கேக்கிறது பிழையெண்டு நான் சொன்னனானே? கேட்டாப் பிறகு என்ன நடக்குமெண்டுதான் சொல்லுறன். முதல் ரோட்டை மூடுவாங்கள். ஒண்டாரியோ எல்லையிலை செக்பொயின்ற் வரும். பேந்து வெளியிலை போகப் பாஸ் எடு எண்டுவாங்கள்."

"இந்த ஆக்களைப் பாத்தா அப்பிடியே இருக்கு?"

"எங்கடை ஆக்களைப் பாத்தா அப்பிடியே இருந்தது?"

 நான் அந்த இடத்திலேயே விஷயத்தை விளங்கியிருக்க வேண்டும். என் யோசனை முழுக்கக் குதிரையில் இருந்தது.

தீர்மானம் இதுதான். ரொறொன்ரோவில், ஸ்காபரோவில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு என்னை முதல் அனுப்புவது. அம்மா, அப்பா இருவரும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. நிலைமையைப் பார்த்து அவர்கள் பிறகு வருவது, அல்லது சத்தம் அடங்கினால் என்னைத் திருப்பிக் கூப்பிடுவது. ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள், பிள்ளைகளை முதல் கடத்திவிடுவது. நான் அழுதேன். செவ்வாய்க்கிழமை ஹலோவீன் என்றேன். குதிரைக்குப் பின்கால் வேண்டும் என்றேன். அப்பாவுக்கு அது காதில் ஏறவேயில்லை.

"ஒரு கிழமைதான் பிள்ளை. ஆனா ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. கீழ்வீட்டுக்கு மூச்சும் விடக் கூடாது."

இது உங்களுக்கும் தெரிந்த பழக்கம். ஊரைவிட்டு வெளிக்கிடுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள். சொன்னால் தடுப்பார்கள், அல்லது சொன்னவர் போனபிறகு கேட்டவரைப் பிடித்து விசாரிப்பார்கள். அடுத்த வேலியில் குரல் இல்லாமல் போனால், போய்விட்டார்கள் என்று நாமாக அறிந்துகொள்வது. யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. ஆனால் வில்லரேயில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. யாரும் சொல்லாமல் போனால் அங்கே ஒரே ஒரு அர்த்தந்தான், உன்னை எனக்குத் தேவையில்லை என்பது.

ரொறொன்ரோவிலிருந்து முருங்கைக்காயும் கருவாடும் ஏற்றிவரும் வான்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வெறும் வானோடு திரும்புவார். அவரோடு போவதென்று ஏற்பாடு. விடியப் புறப்பட்டோம். நம் வீடுகளின் வெளிப்படிகள் இரும்பு, யார் இறங்கினாலும் கீழ்வீட்டுக்குக் கேட்கும். அப்பா என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். குளிர்ந்த இரும்பில் வெறும் காலுறையோடு ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவள் அறை யன்னலைக் கடக்கும்போது உள்ளே பார்த்தேன். கதிரையின் முதுகில் குதிரைத் தலை மாட்டியிருந்தது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடியிருக்கலாம். பயத்தில் செய்யவில்லை. வான் முழுக்கக் கருவாட்டு நாற்றம், நான் மொன்றியல் எல்லைவரைக்கும் அழுதுகொண்டு போனேன்.

ஸ்காபரோவில் பெரியப்பா வீடு பதினோராம் மாடி. பெரியம்மா நல்லவர், ஆனால் தொழிற்சாலையில் இரண்டு வேலை. அவர்களுடைய பிள்ளைகள், எனக்கு அண்ணையும் அக்காவும், பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். ஒரு கிழமைக்காக என்னைப் பள்ளியில் சேர்ப்பது வீண் என்று விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அங்கே யாருக்கும் உதவாது, அவர்களுடைய ஆங்கிலம் எனக்கு விளங்காது. அண்ணையின் சிநேகிதர்கள் வந்தால் நான் குளியலறைக்குள் போய் இருப்பேன். பகலெல்லாம் யன்னலடியில் நின்று கார்த் தரிப்பிடத்தைப் பார்ப்பேன். சிவப்புக் கார் எத்தனை, வெள்ளைக் கார் எத்தனை. மத்தியானம் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். ஒரு நாள் முழுக்க நான் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது இரவு பெரியம்மா "சாப்பிட்டியோ?" என்று கேட்டபோது குரல் கட்டிக்கொண்டதில்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை வாக்கு எண்ணினார்கள். பெரியப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். எந்தப் பக்கம் வென்றால் எனக்கு நல்லது என்று நானும் கணக்குப் பார்த்தேன். ஓம் வென்றால் ரோட்டை மூடிவிடுவார்கள், நான் இங்கேயே. இல்லை வென்றால் நான் வீட்டுக்குப் போகலாம், ஆனால் கீழ்வீட்டில் எல்லோரும் அழுவார்கள். கடைசியில் மயிரிழையில் இல்லை வென்றது. ரோடு மூடவில்லை. செக்பொயின்ற் வரவில்லை. எனக்குச் சிநேகிதியை நினைத்துக் கவலையாக இருந்தது. அதைவிட, நாளைக்கே போய்விடலாம் என்ற ஆசை பெரிதாக இருந்தது.

போகவில்லை. இரண்டு நாள் கழித்து, சுவரோடு சாய்ந்து நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "சனம் முழுக்க ஒரே இரவிலை வெளிக்கிட்டிட்டுதாம். கொட்டுற மழையாம்." யாழ்ப்பாணத்தைச் சொன்னார். இராணுவம் நெருங்கியதால் ஊரைவிட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தது, இங்கே வாக்குப் போட்ட அதே திங்கட்கிழமை. கிழவர், குழந்தை, நோயாளி எல்லோரும் ஒரே ஒரு ரோட்டில், ஒரு பாலத்தின் மேல், விடியவிடிய ஊர்ந்திருக்கிறார்கள். அந்தச் சனத்துக்குள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, என்னுடைய மாமி, எங்கேயோ இருந்தார். அப்பா நாளைச் சரியாகக் கணித்திருந்தார், ஊரைத்தான் பிழைவிட்டிருந்தார். அந்தப் பைத்தியக்கார ஆயத்தங்களுக்காக அவரை எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். இதை யோசித்தால் சிரிப்புப் பாதியில் நின்றுவிடும்.

மாமி எங்கே என்று தெரியாமல் ஆறு கிழமை போனது. பெரியப்பா வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. கொழும்பு, லண்டன், பாரிஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா எடுத்தால் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்.

"எப்ப அம்மா கூட்டிக்கொண்டு போவியள்?"

"மாமீன்ரை சேதி வரட்டும் அம்மா. அப்பா நித்திரையில்லாமல் திரியிறார்."

மாமி கிடைக்காவிட்டால் என்னையும் கூப்பிடமாட்டார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மாமியின் முகம் எனக்கு ஞாபகமில்லை, ஆனாலும் அவருக்காக என்னைப்போலக் கும்பிட்டவர்கள் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். மார்கழியில் ஒருவர் கையில் கடிதம் வந்தது. வன்னியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாமி உயிரோடு இருந்தார்.

நான் திரும்பி வந்தபோது வில்லரேயில் பனி படிக்கட்டுக் கைப்பிடியை மூடியிருந்தது. அட்டைகளைக் கழற்றிவிட்டார்கள், கம்பங்களில் கட்டுக்கம்பி மட்டும் மிச்சம். அன்றைக்கு மகள் பள்ளியால் வருமுன்னர் கீழ்வீட்டுத் தாய் என்னைக் கண்டு உள்ளே கூப்பிட்டு, சூடாகச் சொக்கலேற் பால் தந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒழுங்கையில் குதிரை நிற்கிறது. பின்பக்கம் மிக உயரமாக, போர்வை முழங்காலுக்கு மேலே ஏறி, கீழே இரண்டு பெரிய ஆண் சப்பாத்துகள்.

"நீ வருவாய் எண்டு கடைசி வரைக்கும் பாத்தாள். பேந்து தேப்பன் பின்காலுக்குப் போனார்" என்றார் தாய். "முதல் நாள் இரவு முழுக்க அழுத மனுசன். மகள் தனியப் போகக் கூடாதெண்டு போனவர்."

ரோட்டை மூடப்போகிறார் என்று நாங்கள் பயந்த மனுசன், தோற்ற அடுத்த நாள் போர்வைக்குள் குனிந்து வீடுவீடாகப் போயிருக்கிறார். 

சிநேகிதி வந்தாள். உள்ளே வராமல் வாசலில் சவளை எடுத்துப் படியில் பனி தள்ளத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"காய்ச்சல் சுகமோ?" என்றாள்.

அம்மா அவளுக்கு அப்படிச் சொல்லியிருந்தார். தொழிற்சாலையில் லீவு கேட்பதற்காகப் பழகிய பிரெஞ்சுச் சொல் அம்மாவிடம் அது ஒன்றுதான் இருந்தது.

"காய்ச்சல் இல்லை. நான் ரொறொன்ரோவிலை நிண்டனான்."

அவள் தள்ளுவதை நிறுத்தவில்லை. "வாக்கு எண்ணின அண்டைக்கு நான் மேலை வந்தனான். எங்கடை வீட்டிலை எல்லாரும் ரீவியைப் பாத்துக் கத்திக்கொண்டிருந்தவை. அடுத்த நாளைக்கு நீ வருவியோ எண்டு கேக்க வந்தனான். தட்டித் தட்டிப் பாத்தன். உள்ளுக்கை ஆக்கள் இருந்தவை."

"இருந்திருக்கமாட்டினம்."

"இருந்தவை. ஒராள் இருமினது கேட்டது. நான் உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனான். திறக்கேல்லை."

நான் மேலே ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அண்டைக்கு நாங்கள் வேலையிலை. வீட்டிலை ஒரு குருவியும் இல்லை" என்றார். நான் நம்பினேன். அம்மாவை நம்பாமல் யாரை நம்புவது? அந்த வேகத்திலேயே கீழே இறங்கி வந்தேன்.

"வீட்டிலை ஒருத்தரும் இருக்கேல்லையாம். நீ பொய் சொல்லுறாய்."

அவள் சவளைச் சுவரில் சாத்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கோபம் இல்லை. இந்த ஆளை எனக்குத் தெரியாது என்கிற மாதிரிப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு படியில் கண்டால் போன்ஜூர் என்பாள், குடியிருக்கிற ஆட்களுக்குச் சொல்கிற மாதிரி. எனக்கும் ரோசம், நானும் போன்ஜூர்தான். வகுப்பில் திரும்பவும் நாலு சொல்லுக்கு வந்தேன். அடுத்த யூலை முதலாம் தேதி, ஊர் முழுக்க வீடு மாறுகிற நாளில், அவர்களும் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் மேல் மாடியில் நின்று பார்த்தேன். அவள் நிமிரவில்லை. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பொய்க்காரி என்று முப்பது வருடத்துக்குக் கிட்ட அவளை நினைத்திருந்தேன். அப்படி நினைக்காமல் இருந்திருந்தால் அந்த வெறுமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அம்மா இப்போது இல்லை. அப்பா மொன்றியலின் மேற்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். போன மாதம் நான் திறப்பைக் கொண்டுபோக மறந்து அவர் கதவைத் தட்டினேன். தட்டினேன், தட்டினேன், ஐந்து நிமிடம் குளிரில் நின்றேன். திறந்தவுடன் ஏசினேன்.

"கேக்கேல்லையே அப்பா?"

"கேட்டது. தட்டினவுடனை திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை எண்டு தெரியுந்தானே." மேல்சட்டையை வாங்கிக் கொழுவினார். "உன்ரை சிநேகிதப் பிள்ளைக்கும் இப்பிடித்தான் திறக்காமல் விட்டனான்."

"எந்தப் பிள்ளை?"

"வில்லரேயிலை. கீழ்வீட்டுப் பிள்ளை. வாக்கு எண்ணேக்கை வந்து தட்டினது."

 "நீங்கள் வேலையிலை எண்டு அம்மா சொன்னவ."

"கொம்மா என்னைக் காட்டிக்குடுப்பவே? லைற்றை நூத்துப்போட்டுக் கதவுக்குப் பின்னாலை அரிசி மூடையிலை இருந்தனாங்கள். தட்டேக்கையே தெரிஞ்சது, சின்னக் கை. எனக்கு அடக்கேலாமல் இருமல் வந்திட்டுது. பேந்து உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. கொம்மா எழும்பினவ. நான்தான் கையிலை பிடிச்சு இருத்தினனான்."

"சின்னப் பிள்ளை எண்டு தெரிஞ்சுமோ?"

"பிள்ளைக்குப் பின்னாலை ஆர் நிக்கினமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். பிறகு, "ஒருத்தரும் நிக்கேல்லை. அது இறங்கிப்போனாப் பிறகு யன்னலாலை பாத்தனான். தனியத்தான் வந்திருக்கு" என்றார்.

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தும் பார்த்தேன். என்னில்தான் வந்தது. பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று, தன் வீடு முழுக்க அழ ஆயத்தமாகிக்கொண்டிருந்த பொழுதில், என்னைத் தேடி மாடியேறி வந்து இருட்டுக் கதவில் தட்டியிருக்கிறாள். அவளைப் பார்த்து நான் பொய்க்காரி என்றேன்.

அவளுக்கு மணமாகி வேறு குடும்பப் பெயர் இருக்குமோ, இந்த மொன்றியல் தீவிலேயே இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. நம் வகுப்பில் படித்த உங்களில் யாராவது அவளோடு தொடர்பில் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், அதை நானே நேரில் கேட்பேன். வீட்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். இருமியது என் அப்பா.